ரெண்டு என்ஜின், ஒரே டேங்க்

கரிசக்காட்டுக்காரனுக்குப் படகு என்ஜினைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயம்தான், எங்க விருதுநகர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. ஆனா சாத்தூர் வழியா ஓடுற வைப்பாறு (ஓடுனாத்தான்) தூத்துக்குடி மாவட்டத்துல சிப்பிகுளம் பக்கம் போய்க் கடல்ல சேருது. அந்தப் பக்கத்துல ஒரு மீனவர் எனக்கு சிநேகிதம். கருவாடு வாங்கப் போய்ப் பழகி இருபது வருசமாச்சு. போன வாரம் போன்ல கேட்டார்: "அண்ணாச்சி, பழைய என்ஜின் இனி தாங்காது. பெருசா ஒண்ணு போடவா, 9.9 எச்.பி.ல ரெண்டு போடவா? கெணத்து மோட்டாரோட மல்லுக்கட்டுற ஆளு நீங்க, சொல்லுங்க."

அவரோடது ஃபைபர் வல்லம். பின்னால தொங்குற அவுட்போர்டு என்ஜின், பெட்ரோல்ல கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டுறது. ரெண்டு என்ஜின்னா ரெண்டு மடங்கு வேகம்னு நினைக்காதீங்க. வல்லம் தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போறது. ஒரு அளவுக்கு மேல வேகம் கூடாது, எண்ணெய்தான் கூடக் குடிக்கும். சர்வீஸ் ரெண்டு, பின்பக்கம் கனமும் கூடும். கணக்குப் பாத்தா ஒண்ணுதான் லாபம்.

ஆனா அந்த ஒண்ணு நடுக்கடல்ல நின்னா? கச்சான்னு அவங்க சொல்ற மேல்காத்து கிழக்க தள்ளிக்கிட்டே போகும். அந்தப் பக்கம் 1976 ஒப்பந்தத்துல போட்ட இலங்கைக் கடல் எல்லை. என்ஜின் பழுதாகி எல்லை தாண்டிப் பிடிபட்டவங்க செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. என் சிநேகிதரும் ஒரு ராத்திரி முழுக்க மிதந்துட்டு, விடியக்காலம் வேற படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேந்தவர்தான். இப்ப மகனும் கூடப் போறான்.

அதனால ரெண்டுன்னுதான் சொன்னேன். சொல்லிட்டு ராத்திரி தூக்கம் வரல.

காரணம் என் கிணறு. கரண்ட் மோட்டார் ஒண்ணு, அவசரத்துக்கு ஆயில் என்ஜின் ஒண்ணு வச்சிருந்தேன். ரெண்டு இருக்குன்னு தைரியம். பருத்தி காய் பிடிக்கிற நேரம் டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு ஆறு நாள் கரண்ட் இல்ல. ஆயில் என்ஜினைக் கிளப்பப் போனா, ரெண்டு வருசமாத் தொடாததால இறுகிக் கிடக்கு. டியூபை எலி கடிச்சிருக்கு. அந்த வருசம் பாதிக் காய் உதிர்ந்துபோச்சு. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஆனா ஒண்ணும் இல்ல.

மறுநாள் நானே போன் போட்டேன். "ஏய்யா, ரெண்டு என்ஜினுக்கும் எண்ணெய் எங்கருந்து போகும்?" "ஒரே டேங்க்தான் அண்ணாச்சி." மண்ணெண்ணெயில தண்ணி கலந்திருந்தா ரெண்டும் சேந்துதான் நிக்கும். 1982ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு இந்தோனேசியா மேல எரிமலைச் சாம்பலுக்குள்ள போய், நாலு என்ஜினும் நின்னுபோச்சு. நாலும் இழுத்தது ஒரே காத்தைத்தானே! கீழ இறங்கி நல்ல காத்து கிடைச்ச பிறகுதான் திரும்பக் கிளம்பி, ஜகார்த்தாவுல இறங்குனாங்க.

அதே மாதிரி ரெண்டு விசிறியும் தண்ணிக்குள்ளயே கிடந்தா ஒரே வலை ரெண்டுலயும் சுத்திக்கும். ஒண்ணைத் தூக்கித்தான் வைக்கணும். தூக்கியே வச்சிருந்தாலும் உப்புல இறுகிப்போகும், என் ஆயில் என்ஜின் கதைதான். தினம் கொஞ்சநேரமாவது மாத்தி ஓட்டணும்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பாத்தவங்களுக்கு இது புரியும். சின்னச் சின்ன அறையா, நடுவுல இடம் விட்டுக் கட்டியிருக்கும். ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல கூடாதுன்னு விதி. ஒண்ணு போனாலும் பக்கத்து அறை நிக்கணும். ஆனா இடம் பத்தலைன்னு மருந்தையும் ஆளையும் வெளியில மரத்தடியில உக்கார வச்சுட்டா, அறைகள் தனித்தனியா இருந்து என்ன பிரயோசனம்? வருசா வருசம் அதைத்தானே பாக்குறோம்.

தனி டேங்க், தனி ஃபில்டர், ஒண்ணு எப்பவும் மேல தூக்கி இருக்கணும். இதுக்கு ஒத்துக்கிட்டா ரெண்டு. இல்லைன்னா நல்லதா ஒண்ணு வாங்கிட்டு, மிச்சக் காசுல ஒரு வாக்கி டாக்கியும் நங்கூரக் கயிறும் வாங்கிக்கலாம்னு சொல்லிட்டேன்.

அவர் கொஞ்சநேரம் பேசல. "இன்னொரு டேங்க் வச்சா ஐஸ் பெட்டி வைக்க இடம் இல்ல அண்ணாச்சி. மீன் நாறிப்போனா யாரு வாங்குவா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துக்கிட்டு சிப்பிகுளம் போறேன். வல்லத்துல எங்க எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்து பாக்கணும். அப்படியே கருவாடும் தீந்துபோச்சு.