பின்கட்டுக்கும் பங்கு உண்டு: வீட்டு இணையமும் வீட்டு நீதியும்



அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என நம் காவிரிப் படுகை ஊர்களின் பழைய வீடுகள் பலவும் ஒரே சாயல் கொண்டவை. தெருவை ஒட்டித் திண்ணை. அடுத்து ஆண்களும் விருந்தினரும் அமரும் முன்கூடம். பிறகு முற்றம், தாழ்வாரம், உள்ளறைகள். கடைசியில் அடுப்படியும் கொல்லையும். அகலம் குறைவு, நீளம் அதிகம். பெண்களின் பகற்பொழுது பெரும்பாலும் பின்கட்டிலேயே கழிகிறது.

இத்தகைய வீட்டிற்கு இணையம் எப்படி வருகிறது? தெருக்கம்பத்திலிருந்து ஃபைபர் கம்பியை இழுத்து வருபவர் முன்சுவரில் துளையிட்டு, முன்கூடத்துத் தொலைக்காட்சிக்கு மேலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போகிறார். அங்கிருந்து பின்கட்டுக்கு இடையே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக மூன்று நான்கு கனத்த சுவர்கள். முன்கூடத்தில் கிரிக்கெட் பார்ப்பவருக்குத் தடையில்லா இணையம். வளைகுடாவில் உழைக்கும் கணவரோடு பேசக் காத்திருக்கும் மனைவிக்கும், உஸ்தாதிடம் குர்ஆன் ஓதிக் காட்டும் மகளுக்கும், பேரனின் முகத்தைப் பார்க்க ஏங்கும் நன்னிக்கும் நின்று நின்று சுழலும் வட்டம்தான் கிடைக்கிறது. இந்த அநீதியை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் யாரும் கவனிக்காததால் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

"வைஃபையா, மின்கம்பி வழி இணையமா, எது சிறந்தது?" என்ற கேள்வி இப்போது நம் வீடுகளில் எழுகிறது. கடையில் விலை கேட்கும் முன், இந்த வீட்டில் குறைந்த பங்கு பெறுபவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. குடும்பத்தின் பொறுப்பாளரிடம் அவருடைய பொறுப்பு குறித்து விசாரிக்கப்படும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உணவிலும் உடையிலும் மட்டுமன்று, இன்றைய வீட்டின் இத்தகைய வசதிகளிலும் அப்பொறுப்பு உண்டு.

குர்ஆன் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓதுதலைத் திருத்த அதிவேக இணையம் தேவையில்லை. குரலுக்கு மட்டும் நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். தேவைப்படுவது சீரான ஓட்டம். ஸீனுக்கும் ஸாதுக்கும், ஹம்ஸாவுக்கும் ஐனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிரித்தறிந்துதான் திருத்த முடியும். ஒலி நொடிக்கு நொடி அறுந்தால், பிள்ளை பிழையாக ஓதினாளா, இணையம் பிழை செய்ததா என்று ஆசிரியரால் சொல்ல இயலாது. எனவே எந்தக் கருவியையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தைக் கொண்டு அளக்காதீர்கள். பின்னறையில் அரை மணிநேரம் குரல் அறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

வைஃபையின் இயல்பை முதலில் அறிவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும். ஆனால் மெதுவானது, அண்டை வீட்டார் அலைகளோடு நெரிசல்படுவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் கனத்த சுவரில் விரைவில் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவரும், வழியில் நிற்கும் இரும்பு பீரோவும் இரண்டையும் மேலும் குறைக்கும். சிக்னல் தேய்ந்துபோன இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால் அது தேய்ந்த சிக்னலையே மறுபடி பரப்பும். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுப்பதால் வேகமும் பாதியாகும்.

மின்கம்பி வழி இணையம் என்பது வேறு. பவர்லைன் அடாப்டர் என்னும் சிறு கருவிகள் இரண்டு. ஒன்றை ரூட்டருக்கு அருகிலும் மற்றதைப் பின்னறையிலும் பிளக்கில் செருக வேண்டும். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்கம்பியே தரவையும் சுமக்கும். 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரமும், 2010இல் வந்த ஐஇஇஇ 1901 தரமும் இதற்கு அடிப்படை. புதிதாகத் துளையிட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. பெட்டியில் 600 என்றும் 1200 என்றும் மெகாபிட் போட்டிருக்கும். உண்மை வீட்டில் அதில் சிறு பங்கே கிடைக்கும்.

நம் வீடுகளுக்கு இது பொருந்துமா? நான்கு தடைகளைக் காண்கிறேன்.

முதலாவது, மும்முனை இணைப்பு. முன்கூடம் ஒரு பேஸிலும் பின்னறை வேறொரு பேஸிலும் இருந்தால் சிக்னல் மிகவும் மெலிந்தே கடக்கும். இரண்டாவது, பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிகள் வீட்டைப் பிரித்துத் தனித்தனி மீட்டர் வைத்திருந்தால் ஒரு மீட்டரைத் தாண்டி மற்றதற்குச் செல்வது நிச்சயமில்லை. மூன்றாவது, பழைய வயரிங். தளர்ந்த இணைப்புகள், எர்த் இல்லாத பிளக்குகள், மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் எழுப்பும் மின் இரைச்சல் ஆகிய யாவும் தரவைக் கெடுக்கும். மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் அதன் வடிகட்டியே சிக்னலை விழுங்கிவிடும்.

நான்காவது, மின்தடை. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்குமே. பின்னறைப் பிளக் அதில் சேர்ந்திராவிட்டால் ரூட்டர் உயிரோடிருக்க, பவர்லைன் அடாப்டர் அணைந்துவிடும். ரூட்டரைச் சிறு பேட்டரிப் பெட்டியிலும் ஓட்டலாம். பவர்லைன் அடாப்டரை அப்படி ஓட்ட வழியில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், நம் ஊர்கள் பலவும் நாள்கணக்காகவும் வாரக்கணக்காகவும் இருளில் கிடந்தன. மின்சாரத்தை மட்டுமே நம்பிய ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்று நாம் கண்ணால் கண்டோம்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். முதலில் ரூட்டரை இடம் மாற்றுங்கள். ஃபைபர் கம்பியை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். கூர்மையாக மடங்காமல் கொண்டுவந்தால் போதும். பாதி வீடுகளில் குறை இதிலேயே தீரும் என்பது என் எண்ணம். தீராவிட்டால் தாழ்வாரத்தின் ஓரமாக ஒரு கேட்-6 லேன் கம்பியை இழுத்து, பின்கட்டில் இரண்டாவது வைஃபைக் கருவியை வையுங்கள். இக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். நம் நீளமான வீடுகளுக்கு அது தாராளம். வெள்ளையடிக்கும்போதோ கல்யாணத்துக்கு வயரிங் மாற்றும்போதோ ஒரு குழாயைப் பதித்துவிட்டால் வேலை எளிது. அடுப்படி தனிக் கட்டடமாக இருந்தால் மட்டும், ஐப்பசி கார்த்திகை இடிமழையில் வெளியே செல்லும் கம்பியைக் கழற்றி வையுங்கள்.

வாடகை வீட்டில் துளையிட உரிமையாளர் இசையவில்லையா? அவருடைய பொருளைச் சேதப்படுத்த நமக்கு உரிமையில்லை. அங்கே பவர்லைன் தக்க தீர்வு. இரு அறைகளும் ஒரே பேஸில் உள்ளனவா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள். சோதிக்காமல் வாங்கி அலமாரியில் போடுவது வீண்விரயம்.

இதில் அமானிதமும் உண்டு. சில பவர்லைன் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இரகசியக் குறியோடு வருகின்றன. பொது மீட்டருள்ள வீடுகளில் பக்கத்துக் குடும்பத்தின் கருவி நம் இணையத்தோடு இணைந்துவிட இடமுண்டு. எனவே இணைப்புப் பொத்தானை அழுத்திப் புதிய குறியை உருவாக்க மறவாதீர்கள். அவ்வாறே, அண்டை வீட்டாரின் வைஃபையை அவரறியாமல் பயன்படுத்துவது அனுமதியின்றி வாசல் கடப்பதற்கு ஒப்பானது. பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் ஒழுங்கை சூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

"பின்கட்டு வரை இணையம் போனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், சிக்னல் இல்லாததே பாதுகாப்பு" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது, தீர்வுதான் தவறு. கைப்பேசியின் சிம் கார்டு எல்லா அறைக்கும் இணையத்தைக் கொண்டுபோகிறது. தளர்ந்த சிக்னல் தடுப்பது தீமையை அன்று, பாடத்தையும் உறவையும்தான். தாழ்வாரத்தில் அனைவரும் நடமாடும் இடத்தில் மேசை போட்டு, லேன் கம்பியால் கணினியை இணைத்தால் படிப்பும் நடக்கும், கண்காணிப்பும் இருக்கும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இரவில் ரூட்டரை அணைக்கும் நேரத்தையும் வீட்டார் கூடி முடிவு செய்யலாம். ஆனால் அந்த விதி முன்கூடத்து ஆண்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும்.

இவ்விஷயத்தில் வீட்டுப் பெண்களிடம் மஷூரா செய்யுங்கள். எந்த அறையில், எந்த நேரத்தில் குரல் அறுகிறது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை.

நம் இல்லங்களில் நீதியையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.