விழுந்துவிடாதீர்கள்

1957இல் ஸீனோ வெண்ட்லர் ஆங்கில வினைகளை நான்கு பெட்டிகளில் அடைத்தார். 1976இல் பெர்னார்டு காம்ரி, செயலை உள்ளிருந்து நோக்குவதா, வெளியே நின்று முழுமையாக நோக்குவதா என வினைநோக்கை வகுத்தார். தில்லிக் கருத்தரங்குகளில் தமிழ் இன்னும் அப்பெட்டிகளுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடக்கிறது.

'விடு' முற்றுநோக்கு என்பது நம் ஆய்வேடுகளின் வேதவாக்கு. நல்லது. படியில் ஓடும் குழந்தையிடம் தாய் 'விழுந்துவிடாதே' என்கிறாள். முற்றியது எது? குழந்தை விழவே இல்லையே! முடிவு வேறு, முழுமை வேறு என்பீர்கள். அப்படியாயின் வெறும் 'விழாதே' என்பதில் முழுமை எங்கே குறைந்தது? 'விடு' அங்கே சுமப்பது தாயின் அச்சம். தில்லித் தாயும் 'கிர் மத் ஜானா' என்றே பதறுகிறாள். ரஷ்ய மொழியிலும் முற்றுவடிவ எதிர்மறை ஏவல் பெரும்பாலும் எச்சரிக்கையே. (வாய்பாட்டை ஸ்லாவிய மொழிகளிடம் இரவல் வாங்கியவர்கள் இதை மட்டும் அங்கேயே விட்டுவந்தார்கள்.)

'வந்து தொலை' என்னும் எரிச்சலுக்கு எந்தப் பெட்டி? பேசுவோரின் மனப்பாங்கை இத்துணைவினைகள் சுமப்பதை இ. அண்ணாமலையும் ஹரால்டு ஷிஃப்மனும் முன்பே விளக்கிவிட்டனர். நாமோ அதை அடிக்குறிப்புக்கு நாடுகடத்துகிறோம். காரணம் இலக்கணம் அன்று. இரவல் அட்டவணையில் எரிச்சலுக்கு ஒரு நிரல் இல்லை, அவ்வளவே.

'விடு' முற்றையே குறிக்கும் என்று இனியும் எழுதுவோர், நெறியாளரிடம் தாம் மாதந்தோறும் சொல்லும் 'அடுத்த மாதம் முடித்துவிடுவேன்' என்ற தொடருக்கும் ஓர் எடுத்துக்காட்டு எண் இட்டு, அதில் முற்றியது எது என விளக்கட்டும்.