மாட்டுப்பால் இல்லை, பால்மா மட்டும்தான்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சைவ உணவகம் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் குற்றம் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று. அங்கே பரிமாறும் தம்பிமார்மீது எனக்கு மனத்தாங்கலும் இல்லை.

சென்ற ஆடியில் ரொறன்ரோவிலிருந்து மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பாற்புரதம் ஒத்துக்கொள்ளாது. ஒரு கரண்டி தயிர் போதும், உதடு வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். பால் குடித்தால் வயிறு பொருமும் என்று சிலர் சொல்வார்களே, அதுவல்ல இது. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமையால் வருவது. இது உடல் அந்தப் புரதத்தையே பகையாகக் கண்டு போர் தொடுப்பது. பிள்ளைக்காக வீட்டிலிருந்து பாலை விலக்கிய மகள், பின்னர் இதுபற்றி வாசித்து, நெய், தயிர், முட்டை, தேன் வரை யாவற்றையும் கொள்கையாகவே விட்டுவிட்டாள். வீகன் என்கிறார்கள். தமிழில் யாரோ 'நனிசைவம்' என்று அழகான சொல்லொன்றை ஆக்கி வைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக் கடையில் அந்தச் சொல்லை உச்சரித்தால், அது புதிதாக வந்த பலகாரமா என்று கேட்பார்கள்.

அன்று காலை இடியப்பமும் சொதியும் கேட்டோம். நான்தான் விசாரித்தேன். "தம்பி, சொதிக்கு மாட்டுப்பால் விட்டிருக்கோ?" "இல்லைங்க ஐயா, மாட்டுப்பாலே நாங்க பாவிக்கிறதில்லை." மகள் திரும்பவும் கேட்டாள். அதே பதில். பத்து நிமிடத்தில் பிள்ளையின் மேலுதடு தடித்தது. மகள் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசியை அவன் தொடையில் குத்தியபோது அவளுடைய கை நடுங்கவில்லை. என்னுடைய கைதான் நடுங்கியது. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்கு ஓடினோம். பிற்பகலில் அவன் எழுந்து விளையாடினான்.

மாலையில் அந்தக் கடையின் அடுக்களைக்குள் போனேன். சமையற்காரர் ஒளிக்கவில்லை. "தேங்காய் விக்கிற விலைக்கு முதற்பால் எங்கை ஐயா விடுறது? இரண்டாம் பாலோடை கொஞ்சம் பால்மா கரைச்சு விடுவம். மாட்டுப்பால் இல்லை."

பரிமாறிய தம்பி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனைப் பொறுத்தவரை மாட்டுப்பால் என்பது போத்தலில் வருவது. பால்மா என்பது பெட்டியில் வருவது. இரண்டும் வேறு பொருள்கள். பெட்டிக்குள் இருப்பது நீர் வற்றிய பசுப்பால்தான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கடை முதலாளி சொன்னாரா? சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாவது உண்டா?

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தப் 'பால்' என்ற சொல்லோடு சற்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழ் அடுக்களையில் பால் என்றால் அது தேங்காய்ப்பால். முதற்பால், இரண்டாம் பால், பால்கறி, பாற்சொதி, பாற்சோறு எல்லாவற்றிலும் மாடு என்ற பிராணி எட்டியும் பார்ப்பதில்லை. ஆகவே "பால் போட்டதா?" என்று வெறுமனே கேட்டால், ஆபத்தே இல்லாத கறிக்கு "ஓம்" என்பார்கள், ஆபத்தான தேநீரைத் தவிர வேறெதற்கும் அந்தக் கேள்வி பயன்படாது. ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்காக நீதிமன்றம் ஏறினார்கள். சோயா போன்ற தாவரப் பொருள்களைப் 'பால்' என்று பெயரிட்டு விற்கலாகாது என 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தடைக்கு விதிவிலக்குப் பெற்ற ஒருசில பெயர்களுள் தேங்காய்ப்பாலும் ஒன்று. அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த சொல்லை, அதற்கு உரிமையுள்ள நாங்கள் பால்மாக்காரரிடம் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'சைவம்' என்ற சொல்லின் கதையும் இதுவே. ஒரு சமயத்தின் பெயர் நம்மிடையே ஒரு சாப்பாட்டின் பெயராகியது. சைவம், மச்சம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்தோம். மீனும் இறைச்சியும் முட்டையும் மச்சம், மற்றதெல்லாம் சைவம். இந்தப் பிரிப்பில் பாலுக்குக் கேள்வியே இல்லை. அது சைவத்தின் உள்வீட்டுப் பிள்ளை. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் இலிங்கத்துக்குப் பால் சொரிவதை நான் குறைசொல்ல வரவில்லை. மகளும் அங்கே கைகூப்பி நின்றவள்தான். ஆனால் 'சுத்த சைவம்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர் அதை ஒரு வாக்குறுதியாக வைத்திருக்கிறார். வாக்குறுதி கொடுத்தவருக்கு, சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு. கேட்பவரை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சைவந்தான் ஐயா" என்று கையை உதறுவது பதிலாகாது.

ஊசியும் மருந்துமாக மூன்று நாள் கழித்து, ஏற்கெனவே திட்டமிட்டபடி நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று வான் பிடித்துப் புறப்பட்டோம். மனைவி, சம்பந்தி அம்மா, மகள் குடும்பம், நான். தம்புள்ளைக்கு அருகே தெருவோரத்தில் ஒரு சிங்கள அம்மையாரின் சோற்றுக்கடை. 'சைவம்' என்ற பலகை எதுவும் அங்கில்லை. சிங்களக் கடையில் சம்பலுக்குள்ளும் பருப்புக்குள்ளும் மாசிக் கருவாடு இருக்கும் என்ற பயத்தில் இறங்கவே தயங்கினோம். அந்த அம்மா ஒவ்வொரு சட்டியாக மூடி திறந்து சொன்னார்: இதில் உம்பலகட இருக்கிறது, இதில் இல்லை, பொலோஸ் கறியில் தேங்காய்ப்பால் மட்டும், கீரை மல்லுங்கில் ஒன்றுமில்லை. பிள்ளைக்கென்று மாசி போடாமல் புதுச்சம்பல் இடித்தும் தந்தார். சமைத்தவரே பரிமாறினார், ஆகவே அவருக்குத் தெரிந்திருந்தது. என் பேரன் அந்தப் பயணத்தில் மிகுதியாகச் சாப்பிட்ட சோறு அதுதான்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கினோம். ஏ-9 வீதியில் எவரிடமும் எதையும் விசாரிக்காமல் வாங்கி உண்ணக்கூடிய ஒரே உணவு முறிகண்டிக் கச்சான் என்று மருமகன் சொன்னார். சிரித்தோம், ஆனால் யாழ்ப்பாணம் போய்ச்சேர்ந்தபோது அது அவ்வளவு சிரிப்புக்குரியதாகத் தெரியவில்லை.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அந்த நகரத்தில் எத்தனையோ வீடுகள் மச்சத்தை விலக்கிவிடும். சைவக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அத்தகைய கடையொன்றின் உணவுப்பட்டியலை மகள் உரக்க வாசித்தாள்: நெய்த் தோசை, பனீர் பட்டர் மசாலா, நெய்ப் பொங்கல், தயிர் வடை, பாதாம் பால். பிட்டும் முருங்கைக்காய்க் கறியும் உண்டா என்று கேட்டேன். இரவில்தான், அதுவும் இன்று இல்லை. சாதாரணத் தோசை கேட்டால் கல்லில் மாஜரின் தடவியிருந்தது. மாஜரின் என்றால் தாவர எண்ணெய்தான் என்பது பலருடைய எண்ணம்; பாற்பொருள் சேர்த்த மாஜரினும் சந்தையில் உண்டு, உறையைப் பார்த்தால்தான் தெரியும். உறை எங்கே என்று கேட்டோம். எறிந்துவிட்டார்களாம்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஆடிப் பிறப்புக்குக் காய்ச்சும் கூழை எண்ணிப்பாருங்கள்: அரிசிமா, பயறு, தேங்காய், பனங்கட்டி. பயற்றம் பணியாரம், மோதகம், குரக்கன் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைப்பூ வறை, வல்லாரைச் சம்பல், பனாட்டு. எங்கள் பாட்டிமார் கொள்கை எதுவும் பேசாமல் சமைத்த உணவில் பாதிக்குமேல் பசுவைத் தொடாதது. 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் 'வீகன்' என்ற பெயரைச் சூட்டி ஒரு சங்கம் அமைத்தபோது, அங்கே பாலில்லாமல் என்ன சமைப்பது என்பது பெரும் பிரச்சினையாக இருந்திருக்கும். நமக்கு அது ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. நம் தென்னை அதைத் தீர்த்துவைத்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறாள்.

இதற்குள் இன்னொரு வேடிக்கை. எல்லவிலும் தென்கரையின் கடலோர ஊர்களிலும் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக நடத்தும் உணவகங்களில் வீகன் என்று தனிக்குறியே போட்டிருக்கிறார்கள். அங்கே அதே பருப்பும் அதே பலாக்காயும் பன்மடங்கு விலைக்கு, ஆங்கிலப் பெயரோடு, இன்னதுதான் உள்ளே இருக்கிறது என்ற விளக்கத்தோடு வருகின்றன. ஆங்கிலத்தில் கேட்பவருக்கு மரியாதையான பதில். தமிழில் கேட்பவருக்கு ஏளனப் பார்வை. இது தெரியாமையா, அல்லது கேட்பவன் நம்மவன்தானே என்ற அலட்சியமா? நான் இரண்டாவதென்றே நினைக்கிறேன்.

பத்திரிகை அலுவலக நண்பர்கள் மூன்று மறுப்புகளைச் சொன்னார்கள். இது வெளிநாட்டு மோகம் என்பது முதலாவது. அதற்கு ஆடிக்கூழே பதில். சின்னக் கடைகளால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்பது இரண்டாவது. தம்புள்ளை அம்மையாரின் கடையைவிடச் சின்னக் கடை நான் பார்த்ததில்லை. மூன்றாவதுதான் கடினமானது: தேங்காய் விலை. 2024 இறுதியிலும் 2025 இலும் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியதை நான் மறக்கவில்லை. அதற்கு முன் 2022 நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றோம் என்பதையும் மறக்கவில்லை. பெருமளவு பால்மாவை நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து டொலர் கொடுத்து வாங்கும் நாடு, வீட்டு முற்றத்துத் தேங்காய்க்குப் பதிலாக அதைக் கரைத்து ஊற்றுவது என்ன பொருளாதாரம் என்பது எனக்கு விளங்கவில்லை. போகட்டும். கட்டுபடியாகவில்லை என்றால் பால்மாவே விடுங்கள். விட்டதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்னையும் இதில் தப்பவிட முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி தேடி ஊரூராகச் சாப்பிட்டவன் நான். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இன்றும் காலையில் பால் தேநீர்தான் குடிக்கிறேன். பேரனின் உதடு வீங்காதிருந்தால் மகளின் கேள்விகளைப் 'பிடிவாதம்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் 13 முதல், பொதியிடாத உணவை விற்கும் சாப்பாட்டுக்கடைகளும் பால், முட்டை, மீன் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் வீகன் உணவுக்கென்று 2022 இல் தனி ஒழுங்குவிதிகளே வந்துவிட்டன. நம்மிடம் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறான கூற்றுகளிலிருந்து காக்க 2003 ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது. பிஸ்கட் உறையில் உட்பொருள்களை அச்சிடுகிறார்கள். இலையில் ஊற்றும் சொதிக்கு உறை ஏது? சமையலறை நிலத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சொதிக்குள் என்ன இருக்கிறதென்று சுவரில் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கும்படி கொழும்பு மாநகர சபை ஏன் பணிக்கக் கூடாது? நான் கேட்பது பெரிய செலவன்று. ஒரு கரும்பலகை. அதில் தமிழிலும் சிங்களத்திலும் பால்மா, நெய், தயிர், முட்டை, மாசி, எள், கச்சான், கோதுமை என்று எட்டுச் சொற்கள். இன்றைய கறிகளில் எதில் எது என்று ஒரு சுண்ணக்கட்டியால் குறிக்க இரண்டு நிமிடம்.

திரும்பிவரும் வழியில் செல்வச்சந்நிதியில் ஒரு மடத்தில் அன்னதானத்துக்கு அமர்ந்தோம். மகள் வழக்கம்போலக் கேட்டாள். பரிமாறிய முதியவர் உள்ளே போய், சமைத்தவரையே கூட்டிவந்தார். "பிள்ளை, பாயாசம் வேண்டாம். மற்றதெல்லாம் தேங்காய்ப்பால்" என்றார் அவர், கையைத் துடைத்தபடி. பணம் வாங்காத இடத்தில் கிடைத்த பதில் அது.

அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் கொட்டாஞ்சேனைக் கடை முதலாளியைச் சந்தித்தேன். நாற்காலி போட்டு அமரச் செய்தார், நடந்ததற்கு மனம் வருந்தினார், தேநீர் தந்தார். கரும்பலகையைப் பற்றிச் சொன்னபோது முகம் மாறியது. "பால்மா போட்டிருக்கு எண்டு எழுதினா, ஐயா, தேங்காய்ப்பால் விடாத கடை எண்டு சனம் சொல்லாதோ?" என்றார்.

சென்ற வாரம் அந்தப் பக்கமாகப் போனபோது எட்டிப்பார்த்தேன். சுவரில் புதிய பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். இடியப்பத்தின் விலை ஏறியிருந்தது.