ஹல்வில் ஏரியில் பறந்த படகு

ஆர்காவ் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு ஹல்வில் ஏரி புதிதன்று. கோடைகால ஞாயிறுகளில் பிள்ளைகளோடு சென்று, கரையோரப் பாதையில் நடந்து, கட்டிச்சென்ற சோற்றுப் பொதியைப் பகிர்ந்துண்டு திரும்புவோர் பலர். ஆயின், எட்டுக் கிலோமீற்றர் நீளமே கொண்ட அச்சிறு ஏரியில் ஒருகாலத்தில் உலகின் அதிவிரைவான படகு ஓடியதென்பதை அறிந்தோர் சிலரே.

1938 செப்டெம்பர் 17ஆம் நாள் ஆங்கிலேயரான சேர் மல்கம் கம்பெல், 'நீலப்பறவை' எனப் பெயரிட்ட தம் படகை இங்கு மணிக்கு 210 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்திற் செலுத்தி உலக சாதனை நிலைநாட்டினார். முந்திய ஆண்டில் மஜியோரே ஏரியிலே தாம் நிறுவிய சாதனையையே முறியடித்தார். இத்தகைய ஓட்டத்திற்குப் பெருங்கடல் வேண்டியதில்லை. அலையடங்கிய நீரே வேண்டும்.

சாதாரண வள்ளம் நீரைக் கிழித்துச் செல்வது. நீரோ காற்றினும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியுடையது. விரைய விரைய இழுவையும் பெருகும். கம்பெலின் படகின் அடிப்பாகத்திலே படி போன்றதொரு வெட்டு இருந்தது. வேகம் ஏறியதும் நீரின் அழுத்தமே படகை மேலே தூக்க, அது மிதப்பதை விட்டு நீர்மேல் வழுக்கத் தொடங்கும். குளத்தில் ஓட்டுத்துண்டை வீசித் தத்தவிட்ட நம் இளமை விளையாட்டை நினைத்துக்கொண்டாற் போதும். பின்வந்த பந்தயப் படகுகள் முன்னே இரு மிதவைகளும் பின்னே பாதி அமிழ்ந்த சுழல்விசிறியுமாக, மூன்றிடத்தில் மட்டுமே நீரைத் தொடுவன.

இவற்றைப் படம்பிடிப்பது தனிக்கலை. மேற்சொன்ன வேகத்தில் படகு ஒரு செக்கனில் 58 மீற்றர் கடந்துவிடும். கமராவின் திரை ஆயிரத்திலொரு செக்கன் திறந்தால், அதற்குள் படகு ஆறு சென்ரிமீற்றர்தான் நகரும். படம் தெளிவாக விழும். ஆனால் படகு கயிற்றிற் கட்டிவைத்தது போலத் தோன்றும். பின்னே எழும் நீர்த்தூண் ஒன்றே அது ஓடியதற்குச் சாட்சி. அறுபதிலொரு செக்கன் வைத்து, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிப் படகைத் தொடர்ந்தபடியே அழுத்தினால், படகு தெளிந்தும் கரைமரங்கள் கலைந்தும் விழும். பத்தில் ஒன்பது பழுதாகும். எஞ்சும் அந்த ஒன்றே படம் என்பது நம் கருத்து.

கமரா காணக்கூடாததையும் காணும். மல்கமின் மகன் டொனால்ட், 1967 ஜனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் கொனிஸ்ரன் ஏரியில் மணிக்கு 500 கிலோமீற்றரைக் கடந்து சென்றபோது, படகு முன்புறம் எழுந்து கவிழ்ந்து உயிரிழந்தார். இருதிசையும் ஓடினாலே சாதனை என்பது விதி. முதலோட்டம் முடிந்ததும் எரிபொருள் நிரப்பவும் நில்லாது உடனே திரும்பியிருந்தார். கரையில் நின்ற கமராக்கள் அக்கணத்தைப் பதிந்தன. உடல் 2001இலேதான் கிடைத்தது. அக்காட்சியை நாம் இருமுறை பார்த்தோம்; மூன்றாம் முறை பார்க்க மனம் ஒப்பவில்லை.

ஹல்வில் சாதனைக்கு முந்திய மாதத்திலே, 1938 ஓகஸ்டில், நம் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியவர் அமெரிக்கர், ஓட்டிச் சென்ற மாலுமிகள் நம்மவர். பயணம் ஓராண்டுக்கு மேலெடுத்தது. அக்கப்பலின் படங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் கடனீரேரியை இரவிற் கடந்த படகுகளின் படங்கள் எங்கே? ஒரு மோட்டார்ப் படகின் பின்னே வள்ளங்களைத் தொடுத்து, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு போனோம். இன்று ஏரியில் விசைப்படகு இரைந்தால் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு கரைக்கு ஓடுகின்றனர். பாட்டிமாருக்கோ நெஞ்சு பதைக்கிறது. அக்காலப் படகுப் படம் எவரிடமேனும் இருப்பின், பின்புறத்தில் ஆண்டையும் துறையையும் எழுதி, ஒரு பிரதியை எமக்கு அனுப்புங்கள். இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.