இரைப்பை முறுக்கு: நாய் நலமாக இருக்கும்போதே தடுக்கலாம்

ஆழ்ந்து குறுகிய மார்புள்ள பெரிய நாய்களுக்கு வரும் நோய்களில், இரைப்பை முறுக்கைப் போல விரைவாகக் கொல்பவை மிகச் சில. காற்றால் உப்பிய இரைப்பை தன்மேல் சுழன்றுகொள்கிறது. மேலே உணவுக்குழாயும் கீழே சிறுகுடலுக்குப் போகும் வாயும் அடைபடுகின்றன. சேர்ந்த காற்று ஏப்பமாகவும் வெளிவராது, வாந்தியோடும் வராது. உப்பிய இரைப்பை பெருஞ்சிரையை அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. நேரம் போகப்போக இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். மாலையில் ஓடியாடிய நாய் விடிவதற்குள் இறந்துபோகலாம். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தும் பிழைக்காத நாய்கள் உண்டு. ஆகவே, ஆபத்து மிகுந்த இனங்களில் நாய் நலமாக இருக்கும்போதே தடுப்பு அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காஸ்ட்ரோபெக்சி எனப்படும் இந்தச் சிகிச்சையில், சிறுகுடலை ஒட்டிய இரைப்பைப் பகுதியை வலப்புற வயிற்றுச் சுவரின் தசையோடு தைத்துவிடுவார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும், அதன்பின் இரைப்பை சுழல இடமில்லை. முறுக்கு வந்து உயிர்தப்பிய நாய்களுக்கு இது நெடுங்காலமாகச் செய்யப்படுகிறது. தைக்காமல் விட்டால் அவற்றில் பாதிக்கு மேல் மறுபடியும் அதே நோய்க்கு ஆளாகும். தைத்தவற்றில் அது மிக அரிது. வந்தபின் இவ்வளவு பயன் தருவதை வருமுன் ஏன் செய்யக் கூடாது என்ற கேள்விக்கு, வயிற்றை நீளமாகக் கீறவேண்டியிருந்ததே ஒரு தடையாக இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ராலிங்ஸ் குழுவினர் 2001-இல் விவரித்த லேப்ராஸ்கோப்பி முறை அந்தத் தடையைத் தளர்த்தியது. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, சிறு துளை வழியே கேமராவை விட்டுப் பார்த்தபடி, வலப்புறக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் போட்ட சிறு கீறலுக்கு இரைப்பையை இழுத்துவந்து தைக்கிறார்கள். காயம் சிறியது, வலியும் குறைவு. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும் அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிடலாம்.

எல்லா நாய்க்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து இனங்களை வைத்து 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு ராட்வைலருக்கு 4 விழுக்காடு, கிரேட் டேனுக்கு 37 விழுக்காடு என்ற கணக்கில் அமைந்தது. முன்கூட்டியே தைப்பதால் இந்நோயால் நேரும் இறப்பு ராட்வைலரில் 2.2 மடங்கும் கிரேட் டேனில் 29.6 மடங்கும் குறையும் என்று அது காட்டியது. செலவைப் பொறுத்தவரை அதே ஆய்வு கறாரானது. சிகிச்சைக்கு 400 டாலர் ஆகும் என்று கொண்டால், வாழ்நாள் ஆபத்து 34 விழுக்காட்டைத் தொடும் நாய்க்கே அது பணக்கணக்கில் கட்டுப்படியாகும். கிரேட் டேனுக்குத் தயங்காமல் செய்யலாம், ராட்வைலருக்கு யோசிக்கலாம், சிறு நாய்களுக்குத் தேவையே இல்லை என்று நான் பிரித்துச் சொல்வது இதனால்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ முறுக்கு வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது, வயதோடும் கூடுகிறது. இவையும் கணக்கில் சேரவேண்டும்.

நோயில்லாத உடலில் கத்தி வைக்கலாமா, உணவு முறையை மாற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் பிரித்துப் போடுவதும், அவசரமாக விழுங்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் நல்லவையே. ஆனால் மார்புக்கூட்டின் வடிவத்தையும் பரம்பரையையும் உணவுத் தட்டால் மாற்ற முடியாது. தட்டை உயரத்தில் வைத்தால் நோய் வராது என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி கிளிக்மன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்விலோ, உயர்த்திய தட்டில் உண்ட நாய்களுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. நம்பிக்கையான யோசனைகள் எதிர்விளைவைத் தரக்கூடிய இடத்தில் தையலே மேல். மயக்க மருந்தில் ஆபத்து உண்டுதான். ஆனால் நலமான இளம் நாய்க்குத் திட்டமிட்டுக் கொடுக்கும் மயக்கமும், அதிர்ச்சியில் துவண்ட நாய்க்கு நள்ளிரவில் கொடுக்கும் மயக்கமும் ஒன்றல்ல.

என்னைத் தயங்கவைக்கும் ஒரே மறுப்பு, இனப்பெருக்கம் சார்ந்தது. தைத்த நாய்க்கு முறுக்கு வருவது மிக அரிது. ஆனால் முறுக்குக்கு இடந்தரும் மரபு அதன் குட்டிகளுக்குப் போகும். நோய் வெளியே தெரியாததால் நல்ல வம்சம் என்று அந்தக் குட்டிகள் விற்கப்படும். ஒரு நாயைக் காக்கும் சிகிச்சை ஓர் இனத்தின் குறையை மறைத்துவிடலாம். இதற்காகச் சிகிச்சையை மறுப்பது, வளர்ப்பவர் செய்த தெரிவுக்கு நாயைப் பலிகொடுப்பதாகும். முறுக்கு வந்த வம்சத்து நாய்களைத் தைக்கும்போதே கருத்தடையும் செய்துவிட வேண்டும். குட்டி வாங்குபவரிடம், தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் வந்ததா, காஸ்ட்ரோபெக்சி நடந்ததா என்பதை எழுத்தில் தரவேண்டும். இதை மறைக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்காதீர்கள்.

அமெரிக்க ராணுவம் தன் பணிநாய்களுக்கு இதை வழக்கமாகவே செய்துவருகிறது. நம் ஊரில் கிரேட் டேனும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்ப்பவர்கள், கருத்தடைக்கு நாள் குறிக்கும்போதே இதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பி வசதி இல்லாவிட்டால், கருத்தடைக்காக வயிற்றைத் திறக்கும்போது வழக்கமான முறையில் தைத்தாலும் பலன் அதுவே. தையல் சுழற்சியைத்தான் தடுக்கும், உப்புசத்தை அல்ல. எனவே தைத்த நாயாக இருந்தாலும், வயிறு உப்பி, எதுவும் வெளிவராமல் ஓங்கரித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.