வேலையில் இருக்கிறார்கள், சரி. சம்பளம்?

வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்துவிட்டது என்று ஒரு கட்சி, எல்லாம் பொய்க் கணக்கு என்று இன்னொரு கட்சி. நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் இந்தச் சண்டை ஓயாது. என்னைக் கேட்டால் எண் பொய்யில்லை. நாம்தான் தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை 2017-18ல் 6 சதவீதம். 2023-24ல் 3.2. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 'வேலை' என்றால் என்ன? வாரக் கணக்கில், அந்த வாரத்தில் 1 மணி நேரம் வேலை செய்தாலே போதும். வருடக் கணக்கில், மற்ற நாளெல்லாம் வேலை தேடி அலைந்தாலும், துணை வேலையாக 30 நாள் எதையாவது செய்திருந்தால் போதும். இது நம் அரசு கண்டுபிடித்த தில்லுமுல்லு இல்லை. 1 மணி நேர அளவுகோல் உலகம் முழுக்க உண்டு.

இங்கே புனேயில் எங்கள் தெருமுனையில் விழுப்புரத்துக்காரர் ஒருவர் இட்லிக் கடை போட்டிருக்கிறார். வயது 54. அவர் மனைவி விடியற்காலை 4 மணிக்கே சட்னி அரைக்க எழுந்துவிடுவார். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. பையன் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான், காலையில் பார்சல் கட்டிக் கொடுக்கிறான். கணக்கெடுப்பவர் வந்தால் மூன்று பேருமே 'வேலையில் இருப்பவர்கள்'!

இப்போது அதே அறிக்கையின் அடுத்த பக்கங்களைப் பாருங்கள்.

- சுயதொழில் செய்பவர்கள்: 52.2 சதவீதத்திலிருந்து 58.4
- அதற்குள்ளேயே, கூலியில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுகிறவர்கள்: 13.6லிருந்து 19.4
- மாதச் சம்பளக்காரர்கள்: 22.8லிருந்து 21.7

சுயதொழிலில் கூடிய பங்கில் பெரும்பகுதி எது என்று புரிகிறதா? அந்தம்மாவும் பையனும் பார்க்கிற வேலைதான். மாதச் சம்பளக்காரர்களிலும், விவசாயம் தவிர்த்த துறைகளில், பாதிப் பேருக்கு மேல் பி.எஃப்., பென்ஷன் மாதிரி எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

சரி, கடைக்காரருக்கு வயதான பிறகு என்ன வழி? 2015ல் அடல் பென்ஷன் திட்டம் வந்தபோதே அவர் 40ஐத் தாண்டிவிட்டார். 2019ல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு வந்த 3000 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்கும் அதே 40தான் வரம்பு. மிச்சம் இருப்பது ஏழை முதியோர் உதவித்தொகை. 80 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 2007ல் 200 ரூபாய், 2024லும் அதே 200. மேலே மாநிலம் சேர்த்துக் கொடுக்கும். அதை வாங்கப் போனால் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ரேஷன் கார்டு விழுப்புரத்தில், ஆள் புனேயில்!

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். வேலையின்மை சதவீதத்தைத் தலைப்பில் போடும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேருக்குச் சம்பளம் உண்டு, எத்தனை பேருக்குப் பென்ஷன் உண்டு என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். 40 வயது வரம்பைத் தளர்த்தட்டும். பிழைக்கப் போன இடத்துக்கு உதவித்தொகையும் கூடவே வரட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆட்டோ ஓட்டும் தம்பி யாராவது 40ஐ எட்டாமல், வருமான வரி கட்டாதவராக இருந்தால், வங்கிக்குக் கூட்டிப்போய் அடல் பென்ஷனில் சேர்த்துவிடுங்கள். வாட்ஸப் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் :-)