நாலு அலுவலகமும் ஒரு பாட்டியும்

முதியோர் நலம் என்று பேச்சு எடுத்தாலே அது ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பிள்ளைகள் பார்க்கிறார்களா, இல்லையா? முதியோர் இல்லம் சரியா, தவறா? பட்டிமன்றங்களில் இதைப் பேசிப் பேசியே நிறையக் கைதட்டல் வாங்கியாயிற்று. ஆனால் அதிகம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளையும் இருக்கிறான், ஆஸ்பத்திரியும் இருக்கிறது, அரசுத் திட்டமும் இருக்கிறது... அப்படியும் பெரியவர்கள் ஏன் தவிக்கிறார்கள்?

திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் 72 வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பாட்டி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. "நடந்து பழகுங்க, சுகர் மாத்திரையை விடாதீங்க, மறுபடி விழாம பாத்துக்குங்க" என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். டாக்டர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதைச் செய்ய என்னென்ன வேண்டும்?

நடக்க வாக்கர் வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு இதுபோன்ற உபகரணங்கள் கொடுக்க 2017ல் மத்திய அரசு வயோஸ்ரீ திட்டத்தைக் கொண்டுவந்தது. மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. அது சுகாதாரத் துறை. சாப்பாட்டுச் செலவுக்கு முதியோர் உதவித்தொகை. 2023ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட இது வருவாய்த் துறையின் கையில். தாலுகா அளவில் அதற்கென ஒரு தனி வட்டாட்சியர். மகன் கைவிட்டுவிட்டாலோ, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உண்டு. அதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியரிடம். பராமரிப்பு அலுவலரோ சமூக நலத் துறைக்காரர்.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான். ஆனால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத ஒருவர் இத்தனை வாசல்களையும் ஏறி இறங்க வேண்டும்! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பத்துப் பேரேடுகளை எழுதி வைத்துவிட்டு இருப்பாய்வே எடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். எங்கே உதைக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சுகாதாரத் துறையின் பதிவேட்டில் பாட்டி 'சிகிச்சை முடிந்தவர்'. வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'பயனாளி'. மொத்தத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது எந்தத் துறையின் வேலையும் இல்லை.

அந்த வேலைக்கு உரியவர்தான் சமூகப் பணியாளர்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே அவர் வார்டுக்கு வந்து சில கேள்விகள் கேட்பார். வீட்டு வாசலில் எத்தனை படி? கழிப்பறை உள்ளேயா, கொல்லையிலா? சமைத்துப் போடுவது யார்? மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியுமா? இவற்றையெல்லாம் கேட்டு ஒரு திட்டம் எழுதுவார். எந்த அலுவலகத்தில் எந்த மனு என்று பார்த்துக் கொடுக்க வைப்பார். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே போய், சொன்னது நடந்ததா என்று பார்ப்பார். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பாட்டிக்கு என்ன விருப்பம் என்று பாட்டியையே கேட்பார். மகன் திருப்பூருக்கு வரச் சொல்லலாம், உறவினர்கள் இல்லத்தில் சேர்க்கச் சொல்லலாம். அவருக்குத் தன் வீட்டுத் திண்ணைதான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறதா என்று தேட ஒரு ஆள் வேண்டாமா?

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1905லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், நோயாளியின் வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று உணர்ந்து மருத்துவமனைக்குள் சமூகப் பணியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1946ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தப் பதவி வந்தது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952ல் தொடங்கப்பட்டது. 2000ல் ஜப்பான் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியபோது, முதியவருக்கான திட்டத்தை எழுதிச் சேவைகளை ஒருங்கிணைக்க 'கேர் மேனேஜர்' என்ற பதவியையும் சேர்த்தே உருவாக்கியது. அவர்களில் செவிலியர்களும் உண்டு, பராமரிப்புப் பணியாளர்களும் உண்டு. படிப்பு எதுவானாலும், ஒருங்கிணைப்பதும் ஒரு வேலை, அதற்கும் சம்பளம் உண்டு என்று அந்த நாடு ஒப்புக்கொண்டது. அதுதான் இங்கே இன்னும் முழுதாக நடக்கவில்லை.

"இதையெல்லாம் குடும்பம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். இன்றைக்குப் பெரும்பாலும் குடும்பம்தான் பார்க்கிறது. அதிலும் வீட்டுப் பெண்கள். மகளோ மருமகளோ கூலியை விட்டுவிட்டு கியூவில் நிற்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கணக்கில் வராத செலவு, செலவே இல்லை என்று ஆகிவிடாது. பாசம் காட்டுவது குடும்பத்தின் பங்கு. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவது பாசத்தில் சேர்த்தி இல்லை. குடும்பமே பிரச்சினையாக இருக்கும் வீடுகளில், வெளியாள் ஒருவர் வந்து கேட்பது மட்டும்தான் பாதுகாப்பு.

"மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் இருக்கிறாரே?" அவர் பாவம், பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். உதவித்தொகை ஏன் நின்றது என்று வட்டாட்சியரிடம் கேட்கும் அதிகாரம் அவருக்கு எங்கே? 2021ல் நாடு முழுக்க அறிமுகமான 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் நல்ல விஷயம்தான். ஆனால் யாராவது போன் செய்தால்தான் அது வேலை செய்யும்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பாட்டி இரண்டாம் முறை விழுந்தால் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு முறை வார்டில் படுக்கை. அந்தச் செலவும் அரசின் தலையில்தான் விழும். அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சமூகப் பணியாளரை நியமித்துவிட்டு அவர் மேசையில் ஐந்நூறு ஃபைல்களை அடுக்கினால், ஏற்கெனவே உள்ள வாசல்களோடு இன்னொரு வாசல் கூடியதாகத்தான் முடியும். கையாளக்கூடிய அளவு ஆட்கள், மற்ற துறைகளிடம் பதில் கேட்கும் உரிமை, முதியவரின் சம்மதம்... இந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்தப் பதவி வெறும் பெயர்ப்பலகை.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பிறகு அந்தப் பங்கு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த பட்ஜெட்டில் முதியோருக்குப் புதிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். புதுத் திட்டம் வருவதற்கு முன், இருக்கிற திட்டங்களைக் கட்டிலருகே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்க யாராவது இருக்கிறார்களா?